ஆறாம் அறைக்கு வந்தவன்

1

பலேர்மோவைப் பார்ப்பதற்கென்று ஆட்கள் காசு கொடுத்து வருகிறார்கள் என்பதை நம்ப எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. இங்கே இருக்கும் ஈழத் தமிழரான எங்களில் யாரும் இதைப் பார்க்க வந்தவர்கள் அல்லர். பிரான்சுக்கோ ஜெர்மனிக்கோ போகப் புறப்பட்டு, வழியில் தடங்கி, ரெயில் கொண்டுவந்து இறக்கிய இடத்தில் வேலை கிடைத்ததால் நின்றுவிட்டவர்கள். "இத்தாலியில் என்னென்ன பார்த்தாய்?" என்று ஊரிலிருந்து கடிதத்தில் கேட்கிறார்கள். நான் பார்த்தவை பெரும்பாலும் கட்டில் விரிப்புகள்.

துறைமுகத்துக்கும் போர்கோ வெக்கியோவுக்கும் நடுவில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் சின்னத் தங்குவிடுதியில் வேலை. பதினொரு அறைகள். லிப்ட் வாரத்தில் இரண்டு நாள் ஓடும். காலை ஆறரைக்குப் போய்க் கோப்பி போட்டு, பாண் அடுக்கி, மேசைக்குக் கொடுத்து, பிறகு அறைகளைக் கூட்டித் துடைத்து, விரிப்பு மாற்றி, இரண்டு மணிக்கு வீடு. என்னோடு வேலை செய்கிறவள் தேவி, மொரீசியஸ்காரி. பாட்டன்மார் தமிழர். பொட்டு வைப்பாள், தைப்பூசத்துக்கு விரதம் இருப்பாள், தமிழில் ஒரு வசனம் வராது. நாங்கள் இத்தாலிய மொழியில்தான் கதைப்போம். வீட்டில் என் மகள் ரொசாலியாவும் அப்படித்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் இத்தாலிய மொழியில் பதில் சொல்வாள். அதுவும் புத்தகத்தில் உள்ள இத்தாலியன் அல்ல, எங்கள் தெரு மீன்காரன் பேசுவது.

பெப்ரவரியில் விடுதி காய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் வருகிறவர்கள் விமானமும் மூன்று இரவு அறையும் சேர்த்து மலிவு விலையில் பிடித்துக்கொண்டு வருகிற ஆட்கள். வெயில் தேடி வருவார்கள். மழை பெய்யும். அறையைச் சூடாக்கும் இயந்திரத்தை விடுதிக்காரியான எங்கள் சின்யோரா காலையும் மாலையும் இரண்டு மணி நேரம்தான் போடுவாள். அவர்கள் மேலங்கியோடு காலைச் சாப்பாட்டுக்கு வந்து குந்தியிருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

போன பெப்ரவரியில் அப்படி வந்த ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அதை எழுதுவதென்றால் நான் செய்த ஒன்றையும் எழுத வேண்டியிருந்தது.

2

இங்கே விடுதியில் தங்குகிற ஒவ்வொருவரின் விபரத்தையும் ஒரு துண்டில் எழுதி, அடுத்த நாள் குவெஸ்தூராவில் கொடுக்க வேண்டும். குவெஸ்தூரா என்றால் பொலிஸ் தலைமை அலுவலகம். என் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க நான் வரிசையில் நிற்பதும் அதே கட்டடத்தில்தான். துண்டுகளைச் சின்யோரா எழுதுவாள், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தள்ளிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"தாசோ, இங்கே வா. நேற்று மாலை உன் நாட்டுக்காரர் மூன்று பேர் வந்தார்கள், லண்டனிலிருந்து. இதில் எது பெயர், எது குடும்பப் பெயர்? உங்கள் ஆட்கள் பெயர் வைக்கும்போது நடுவில் மூச்சு விடுவதில்லையா?"

மேசையில் மூன்று பிரித்தானியக் கடவுச்சீட்டுகள் கிடந்தன. மேலே இருந்ததை விரித்தேன். குகநேசன். பிறந்த இடம் நெல்லியடி. படத்தில் இருந்தவனுக்கு முன்தலை ஏறியிருந்தது, கன்னம் ஊதியிருந்தது. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு போகும் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது.

பெயரைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். பிறகு துணிகள் போடும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுக்கு விரிப்புக் கூடையின் மேல் உட்கார்ந்தேன். நேசன் உயிரோடு இருக்கிறான். ஆறாம் அறையில் நித்திரை கொள்கிறான். எனக்கு அழுகைதான் வந்தது. அது அடங்க முதலே பயம் வந்துவிட்டது. அவன் எழும்பிக் கோப்பி குடிக்க வருவான். கோப்பி கொடுக்கிறவன் நான்.

3

ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்ல வேண்டும்.

நேசனும் நானும் கொழும்பில் ஒரு லொட்ஜில் சந்தித்தவர்கள். அவன் நெல்லியடி, நான் மன்னாரில் பேசாலை. ஒரே ஏஜென்ட். பிறகு ரோமில் ஒரு அறையில் இருபத்திரண்டு நாள் ஒன்றாகக் கிடந்தோம். ஒரு கட்டில், ஒரு போர்வை. இரண்டு பேரும் முறை வைத்துப் படுப்போம். எனக்குப் பல்வலி வந்தபோது இரண்டு நாள் பாணைப் பாலில் ஊறவைத்துத் தந்தவன் அவன்.

கடைசியில் எல்லையோரத்தில் உள்ள ஒரு சின்ன ஊருக்கு ரெயிலில் போகச் சொன்னார்கள். பதினொரு மணிக்கு அங்கே உள்ள தேவாலயத்தின் பக்கக் கதவடியில் ஒரு ஆள் நிற்பான், மலைப்பாதையால் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போவான் என்று ஏற்பாடு. ஒன்பது மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். பசி. நேசன் ரெயில் மேடையில் கிடந்த ஒரு வாங்கில், அந்த நீள இருக்கையில், பைகளோடு இருந்தான். நான் வெளியே போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வரும்போது இரண்டு பொலிஸ்காரர்கள் அவன் முன்னால் நின்றார்கள். ஒருவர் அவனுடைய கடிதாசியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நேசன் தலையை உயர்த்தினான். நேராக என்னைப் பார்த்தான். நான் பாணோடு திரும்பி நடந்தேன். ஓடவில்லை, நடந்தேன். அடுத்த மேடையில் ஒரு ரெயில் புறப்பட நின்றது. அது எங்கே போகிறது என்று பார்க்காமல் ஏறினேன். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. பேசாலை ஆட்கள் சிலர் பலேர்மோவில் ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சுற்றி இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே வந்து இறங்கும்போது அந்தப் பாணில் பாதி என் கையில் இருந்தது. அவனுடைய பங்கு.

இரண்டு வருடம் கழித்து, கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போது வடமராட்சிப் பெடியன் ஒருவன் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தான். "நெல்லியடிப் பெடியன் ஒருத்தனை எல்லையிலை பிடிச்சுத் திருப்பி அனுப்பினவை. கொழும்பிலை இறங்கினதோடை ஆளின்ரை கதை இல்லை" என்றான். பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு கலியாணம் முடித்தேன், பெண் குழந்தை பிறந்தது, பெர்மெஸ்ஸோ கிடைத்தது. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு இதில் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை.

4

அன்றைக்குத் தேவியிடம், "ஆறாம் அறையை நீ செய். ஒன்பதையும் பத்தையும் நான் செய்கிறேன். மேசைக்குக் கோப்பியும் நீயே கொண்டுபோ" என்றேன்.

"ஒன்றுக்கு இரண்டா? ஆறாம் அறையில் என்ன, பேயா?" என்று கேட்டாள்.

நான் குசினிக் கதவுக்குப் பின்னால் பால் குவளையோடு நின்றேன். மேசையில் அவர்கள் கதைப்பது தெளிவாகக் கேட்டது.

"இந்த மழைக்கு லண்டனிலையே இருந்திருக்கலாம்" என்றது நேசனின் குரல்.

"நான் ஸ்பெயின் கேட்டனான். இது பதினைஞ்சு பவுண் மலிவு எண்டு நீங்கள்தானே எடுத்தனீங்கள்?" என்றாள் அவன் மனைவி.

அவன் சிரித்தான். மூக்கால் காற்று விட்டுச் சிரிக்கிற அதே சிரிப்பு. பால் ஆறிப்போகும்வரை அங்கேயே நின்றேன்.

பிறகு மூவரும் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு கபோ சந்தைக்குப் புறப்பட்டார்கள். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். பெடியனுக்கு ஆறு வயது இருக்கும், தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் பார்த்துப் பார்த்து மிதித்தான். நான் அவர்களின் துண்டை எடுத்துக்கொண்டு குவெஸ்தூராவுக்குப் போனேன். அங்கே இலக்கம் வாங்கிக்கொண்டு நின்ற வரிசையில் எங்கள் ஆட்கள் நாலு பேர். எப்போதும் அவர்களோடு நின்று கதைப்பவன் அன்று தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போய்விடுவார்கள். இன்னும் இரண்டு காலை குசினிக்குள் நின்றால் போதும். அவனுக்குத் தெரியவே போவதில்லை. இப்படி நினைக்க ஆறுதலாக இருந்தது. உடனேயே வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை மதியம், வேலை முடிந்து சப்பாத்து மாற்றும்போது சின்யோரா ஓடி வந்தாள். "தாசோ, ஆறில் குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. தாய் அழுகிறாள். அவர்கள் சொல்வது எனக்கு விளங்கவில்லை, நான் சொல்வது அவர்களுக்கு விளங்கவில்லை. உன் ஆட்கள்தானே, போய்க் கதை."

தேவி என்னைப் பார்த்தாள்.

கதவைத் தட்டினேன். திறந்தது நேசன். என்னைப் பார்த்தான். "தாசன்" என்றான். கேள்வியாக அல்ல. கதவை விட்டு விலகி நின்றான்.

"பிள்ளைக்கு எப்ப தொடங்கினது?" என்று அவன் மனைவியைக் கேட்டேன்.

"காலமை, அண்ணா. நீங்கள் தமிழோ? கடவுளே. ஒண்டும் விழுங்கிறான் இல்லை" என்றாள் அவள். வசந்தி என்று பெயர்.

விடுமுறை நாட்களில் திறந்திருக்கும் வைத்தியநிலையம் ஒன்று பத்து நிமிட நடையில் இருந்தது. பெடியனைப் போர்வையில் சுற்றி நேசன் தோளில் போட்டுக்கொண்டான். நான் குடை பிடித்தேன். வழி முழுக்க அவன் என் பக்கம் திரும்பவில்லை. என்னை மன்னிக்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. அது நியாயம்தான் என்று நடந்தேன்.

வைத்தியர் பெடியனின் வாயைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், தொண்டையில் அழற்சி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். காய்ச்சலுக்குச் சுப்போஸ்தா எழுதித் தந்தார். மருந்துக்கடையில் அதை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்ததும் வசந்தி ஒரு குளிசையை உரித்து, மற்றக் கையில் தண்ணீர்க் கிளாசை எடுத்தாள்.

"இதென்ன அண்ணா இவ்வளவு பெரிசு? முழுசா விழுங்கோணுமோ?"

"அது விழுங்கிறது இல்லை, தங்கச்சி" என்றேன்.

"அப்ப கரைச்சோ?"

இந்த மருந்துக்கு எனக்கு இத்தாலியச் சொல் மட்டும்தான் தெரியும். "அது மற்றப் பக்கத்தாலை" என்றேன்.

அவள் குளிசையைப் பார்த்தாள், பெடியனைப் பார்த்தாள். பெடியனுக்குத் தமிழ் அவ்வளவு விளங்காது என்றார்கள். ஆனால் அது மட்டும் விளங்கிவிட்டது, போர்வைக்குள் முழுசாகப் போய்விட்டான். நேசன் மூக்கால் காற்று விட்டான். நான் நிமிர்ந்தபோது அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், கண் கலங்கியிருந்தது.

"வா, வெளியிலை போவம்" என்றான்.

5

சாப்பாட்டு அறையில் யாரும் இல்லை. குசினியில் நான் எனக்கென்று வைத்திருக்கும் தேயிலையில் இரண்டு தேநீர் போட்டேன். எதிரெதிரே இருந்தோம்.

"எத்தினை வருசமா இஞ்சை?" என்று கேட்டான்.

"அண்டையிலை இருந்து."

"அண்டையிலை இருந்தெண்டால்?"

"அந்த ஸ்டேஷனிலை ரெயில் ஏறினனான். அப்பிடியே இஞ்சை வந்திட்டன்."

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப நீ திரும்பி வரேல்லையோ? வாங்கிலடிக்கு?"

"இல்லை, மச்சான். உன்னைப் பிடிச்சு வைச்சிருக்கிறதைக் கண்டனான். நீயும் என்னைக் கண்டனீ. நான் திரும்பி நடந்திட்டன்." ஒன்பது வருடமாக எனக்குள் கிடந்தது, மூன்று வசனத்தில் முடிந்துவிட்டது.

"நான் உன்னைக் காணேல்லையே."

"நேரை என்னைப் பாத்தனீ."

"நான் மணிக்கூட்டைப் பாத்தனான். அந்த வாசலுக்கு மேலை ஒரு பெரிய மணிக்கூடு. பதினொண்டுக்குள்ளை விடுவாங்களோ எண்டு அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். கீழை ஆர் நிண்டதெண்டு எனக்குத் தெரியாது."

அந்த வாசலுக்கு மேல் மணிக்கூடு இருந்ததாக எனக்கு நினைவே இல்லை.

அவன் மேசை விரிப்பை விரலால் நீவிக்கொண்டே சொன்னான். பொலிஸ்காரர்கள் அவனை ஒரு அறைக்குள் கொண்டுபோய் வைத்து, பதினைந்து நாளுக்குள் நாட்டை விட்டுப் போ என்று ஒரு கடிதாசியைக் கொடுத்து, ஒன்றரை மணி நேரத்தில் வெளியே விட்டுவிட்டார்கள். வாங்கிலடிக்கு வந்தான். நான் இல்லை.

"பாண் வாங்கப் போனவன் பொலிசைக் கண்டிட்டு எங்கையோ ஒளிச்சு நிக்கிறான் எண்டு தெரியும். நான் நிண்டிருந்தால் நீ வந்திருப்பாய். பதினொண்டுக்கு அஞ்சு நிமிசம் கிடந்தது. ஓடிப்போய் அந்த ஆளிட்டைக் கேட்டன், இன்னும் ஒருத்தன் இருக்கிறான், கொஞ்சம் நில்லுங்கோ எண்டு. நீ வாறதெண்டால் இப்ப வா, இல்லாட்டி ரெண்டு பேரும் நில்லுங்கோ எண்டான். நான் போயிட்டன், தாசன். உன்ரை பையை வாங்கிலுக்குக் கீழை தள்ளி வைச்சிட்டுப் போயிட்டன். நீ திரும்பி வந்து பாத்திருப்பாய், நானில்லை, பை மட்டும் கிடக்கும். அந்த நேரம் உன்ரை முகம் எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிக்காத நாள் இல்லை."

"நான்தான் வரவே இல்லையே."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, "அப்ப நான் ஆரையடா விட்டிட்டுப் போனனான்?" என்று கேட்டான்.

இருவரும் ஒரே நேரத்தில் சிரிக்கத் தொடங்கினோம். சின்யோரா கதவால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவன் என் கையைப் பிடித்திருந்தான், பிளீச் தண்ணீரில் வெடித்துப்போன கை.

பிறகு கோயிலடியில் கேள்விப்பட்டதைச் சொன்னேன். "நெல்லியடிப் பெடியன் எண்டவுடனை நீதான் எண்டு நினைச்சிட்டன்."

"அது வேறை ஆரோ" என்றான்.

வேறு யாரோ ஒருவன். அவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். எங்கள் இரண்டு பேரின் பாரமும் அன்று இறங்கியது என்று எழுதும்போது அவனையும் எழுதாமல் விட முடியவில்லை.

6

அடுத்த நாள் அவர்களுக்கு இரண்டு மணிக்கு விமானநிலைய பஸ். காய்ச்சல் இறங்கிவிட்டது. காலைச் சாப்பாட்டு வேலையை முடித்து, அறைகளைத் தேவியிடம் விட்டுவிட்டு, பூசை முடிந்ததும் அவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தேன். பழைய சிநேகிதன் என்று மட்டும் ஸ்டெல்லாவிடம் சொல்லியிருந்தேன். அவள் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்திருந்தாள்.

பிள்ளைகள் இரண்டும் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் அளந்தன. பெடியன் ஆதவன் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். ரொசாலியா இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னாள். இருவரும் தங்கள் தங்கள் தாயிடம் ஓடி வந்து முறையிட்டார்கள். "தமிழிலை கதையுங்கோவன்" என்றாள் ஸ்டெல்லா. கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையிலிருந்து சத்தம் வந்தது.

"இஞ்சை வா."

"பேசாமல் இரு."

"தொடாதை. சுடும்."

"சாப்பிடு. கெதியா. அடி விழும்."

எட்டிப் பார்த்தோம். ஒரு பொம்மையை நடுவில் இருத்தி வைத்து இருவரும் மாறி மாறி அதை அதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்த தமிழ் முழுக்க நாங்கள் அவர்களை ஏவிய தமிழ். ஆனால் ஒரு மணி நேர விளையாட்டுக்கு அது போதுமாக இருந்தது.

சாப்பாட்டு மேசையில் வசந்திதான் கதையை எடுத்தாள். "அக்கா, உங்கட இவரை எனக்குக் கலியாணத்துக்கு முதலே தெரியும். இவர் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே சொல்லிப்போட்டார், ஒருத்தனை நடுவழியிலை விட்டிட்டு வந்தவன் நான், தெரிஞ்சுகொண்டு செய்யுங்கோ எண்டு. லண்டனிலை பேசாலை ஆக்கள் ஆரைக் கண்டாலும் தாசனைத் தெரியுமோ எண்டு கேப்பார். கடைசியிலை மலிவு ரிக்கெட்தான் கொண்டுவந்து விட்டது."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். சோறு போட்ட கரண்டி ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு நேசனின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். "வடிவாச் சாப்பிடுங்கோ அண்ணா" என்றாள்.

மூன்று நாளில் அவர்கள் பார்த்தவை ஒரு சந்தை, ஒரு வைத்தியநிலையம், எங்கள் வீடு. பஸ்ஸடியில் நிற்கும்போது வசந்தி அதைச் சொல்லிச் சிரித்தாள். "ஆரும் கேட்டால் என்னத்தைச் சொல்லுறது?"

"லண்டனுக்கு வா" என்றான் நேசன்.

"இந்தப் பெர்மெஸ்ஸோவோடை வாறதெண்டால் விசா எடுக்கோணும், கடிதம் வேணும், வங்கிப் புத்தகம் வேணும்."

"எடு. கடிதம் நான் அனுப்பிறன்."

பஸ் திரும்பும்வரை நின்று கையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பகலில் படுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று சப்பாத்தைக் கழற்றியதும் கட்டிலில் சாய்ந்தேன். கண் விழித்தபோது யன்னலில் வெயில் சரிந்திருந்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் நித்திரை கொண்டிருக்கிறேன். ஸ்டெல்லா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் எழுப்பேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் இண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்லை" என்றாள்.

"எப்ப?"

"நித்திரையிலை. கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து கேக்கிறன். 'இரு, வாறன், இரு, வாறன்' எண்டு சொல்லுவீங்கள். சில நாள் எழும்பி இருந்தும் சொல்லுவீங்கள். இண்டைக்குப் பக்கத்திலையே இருந்து பாத்தனான். ஒரு சத்தமும் இல்லை."

நான் நித்திரையில் கதைப்பேன் என்பதே எனக்குத் தெரியாது.

"ஏழு வருசமா ஏன் நீ ஒரு சொல்லும் கேக்கேல்லை?"

அவள் ரொசாலியாவின் சட்டையைக் கையால் அழுத்தி மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "ஆரோ காத்துக்கொண்டு நிக்கினம் எண்டு விளங்கினது. அது ஆரெண்டு நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு இருந்தனான்" என்றாள்.

நான் எழும்பி அவளுக்குப் பக்கத்தில் இருந்து, கொழும்பு லொட்ஜில் தொடங்கி, முழுவதையும் சொன்னேன்.